யாருடைய வாசல், யாருடைய கொடி?

தேர்தல் நெருங்கிவிட்டால் எல்லாக் கட்சியின் பூத் ஆட்களுக்கும் ஒரு வித்தை கைவந்துவிடுகிறது. தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டு வாசலைப் பார்த்தே ஓட்டுக் கணக்குப் போடுகிறார்கள். சுவரில் இருப்பது உதயசூரியனா இரட்டை இலையா, கதவில் எந்தத் தலைவரின் ஸ்டிக்கர், மாடியில் என்ன நிறத்தில் கொடி, வாசற்படிக்கு மேலே யார் படம். "இது நம்ம வீடு, அது அவங்க வீடு, இது சந்தேகம்" என்று வாக்காளர் பட்டியலில் குறித்துக்கொண்டே போகிறார்கள். கள ஆய்வுக்குப் போகும் சமூகவியல் மாணவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள். நோட்டில் கொஞ்சம் கனமான சொற்களில் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஊர்த்தெருவில் ஓரளவு சரியாக வரலாம். சேரியில், காலனியில் போட்டால் பிசகும். ஒரு வாசல் அங்கே குடியிருப்பவரின் அரசியலைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அந்த வாசல் அவருடையதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலித் மக்கள் நடத்திய போராட்டங்களில் கணிசமானவை குடியிருக்கும் மனையைத் தமதாக்கிக்கொள்ள நடந்தவை. அந்த வரலாறு தெரியாமல் வாசலைப் படித்தால் தப்பாகத்தான் படிப்போம்.

திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்?

தமிழ்நாட்டு அரசியலுக்குத் திண்ணையோடு பழைய உறவு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடம், திண்ணைப் பேச்சு, திண்ணைப் பிரச்சாரம் என்று சொற்களே அதைக் காட்டும். இன்றைக்கும் எல்லாக் கட்சிகளும் தேர்தலுக்கு முன் 'திண்ணைப் பிரச்சாரம்' செய்கின்றன. திண்ணை இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் நோட்டீஸ் கொடுத்தாலும் அதற்குப் பெயர் திண்ணைப் பிரச்சாரம்தான்.

வழிப்போக்கரும் உட்காரலாம் என்பதால் திண்ணையைத் தமிழரின் பொதுவெளி என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. எந்த வழிப்போக்கர் என்று நாம் கேட்க வேண்டும். அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியவர்களுக்கு அந்தத் திண்ணை பொதுவெளியாக இருந்ததே இல்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தெருவில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட காலத்தில், தெருவோரத் திண்ணையில் நடந்த அரசியல் பேச்சு யாருக்கு இடையிலானது என்று சொல்லத் தேவையில்லை.

ஊர்த்தெரு வாசலோடு தலித் மக்களுக்கு இருந்த உறவு உழைப்பின் உறவு. சாணி அள்ளி, தொழுவம் கூட்டி, களத்தில் நெல் தூற்றியவர்கள் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனதில்லை. கூலியையும் சோற்றையும் கொல்லைப்புறத்தில் நின்று வாங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டின் எந்தப் பக்கம் நிற்கலாம் என்பதே அன்றைக்கு அவருடைய சாதியைச் சொல்லிவிடும்.

மனை யாருடையது?

இனி சேரிக்குள் வருவோம். அங்கே குடிசை நம்முடையது. குடிசை நின்ற மண் யாருடையது?

செங்கல்பட்டு மாவட்ட கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி 1891-ல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் எல்லாரும் இந்த அறிக்கையைக் குறிப்பிடுவார்கள். 1892-ல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க வழிவகுத்த அரசாணை இதன் தொடர்ச்சி. அந்த அறிக்கையில் விளைநிலத்தைப் பற்றி மட்டுமல்லாமல் குடியிருக்கும் மனையைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. சேரி இருந்த இடத்தையே மிராசுதார்கள் தங்கள் உரிமை என்று சொல்லி வந்தார்கள். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், மதம் மாறினால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், 'என் மண்ணிலிருந்து குடிசையைக் கிளப்பு' என்று சொல்ல அந்த உரிமை போதும். அடி, உதை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1920-களில் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை, தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மனைகளைக் கையகப்படுத்திக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அதுதான் மூதாதை. சுதந்திரத்துக்குப் பிறகும் மிரட்டல் நிற்கவில்லை. பிறர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்களை வெளியேற்றாமல் காக்க 1961-ல் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. தலித் மக்களின் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1978-ல் வந்தது.

இந்த வருடங்களைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 1952-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் நம் தாத்தா பாட்டிகள் ஓட்டுப் போட்டார்கள். மனை உரிமைச் சட்டம் வந்தது 1971-ல். நடுவில் 19 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஓட்டுரிமை இருந்தது, நின்ற இடத்தில் உரிமை இல்லாத குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட குடிசையின் வாசலில் பண்ணையார் கட்சியின் சின்னம் இருந்தால் அது யாருடைய அரசியல்? எதுவுமே இல்லாமல் வெறுமனே இருந்தால் அதை 'அரசியல் விழிப்புணர்வு இல்லை' என்று எழுதுவீர்களா?

மண்பானையும் கதவுப் பல்லக்கும்

உடம்பிலும் வீட்டிலும் எது வெளியே தெரியலாம் என்பதைச் சாதி எப்படிக் கட்டுப்படுத்தியது என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்க சாதியினர் விதித்த தடைகள் சாட்சி. ஜே.எச்.ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருப்பதால் இன்றைக்கு நாம் அவற்றைப் படிக்க முடிகிறது. முதலில் எட்டுத் தடைகள். பிறகு அவை பதினொன்றாக வளர்ந்தன.

பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது. தண்ணீர் எடுக்கப் போனாலும் மண்குடம்தான், செம்போ பித்தளையோ கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். கல்யாணத்துக்கு மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவையே பல்லக்காகப் பயன்படுத்த வேண்டும்.

கடைசி விதியைக் கவனியுங்கள். கல்யாண நாளில் தெருவில் நமக்கென்று ஒரு அலங்காரம் வேண்டுமென்றால், சொந்த வீட்டின் கதவைக் கழற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். இந்தத் தடைகள் எல்லாம் கண்ணில் படுகிறவற்றைப் பற்றியவை. இடுப்பில் இருக்கும் குடமும் தலைக்கு மேல் இருக்கும் குடையும் வாசலில் நிற்கும் குதிரையும் சமத்துவக் கோரிக்கையாகவே பார்க்கப்பட்டன. அவர்கள் பார்த்ததில் பிழை இல்லை. நம் மக்களும் அவற்றைக் கோரிக்கையாகவே வைத்தார்கள். தடை போட வேண்டி வந்ததே, மீறல் நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று. குடை பிடிக்காதவர்களைப் பார்த்து யாரும் குடைக்குத் தடை போடுவதில்லை.

கறுப்புக் கொடியும் செங்கொடியும்

வீட்டு வாசலை அரசியல் மேடையாக்கியதில் திராவிட இயக்கத்துக்குப் பங்கு உண்டு. 1965 ஜனவரி 26-ஐ இந்தித் திணிப்புக்கு எதிரான துக்க நாளாகக் கடைப்பிடித்து, வீடுகளில் கறுப்புக் கொடி ஏற்றும்படி தி.மு.க. அழைத்தது. மேடையில் பேசத் தெரியாதவரும் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு அரசியலில் பங்கெடுக்க முடிந்தது. அந்த வழக்கம் தொடர்கிறது. 2020 மே 7 அன்று, ஊரடங்கில் டாஸ்மாக் கடைகளைத் திறந்ததைக் கண்டித்து தி.மு.க. கூட்டணிக் கட்சியினர் அவரவர் வீட்டு வாசலிலேயே கறுப்பு அணிந்து நின்றார்கள்.

வீட்டில் கொடி ஏற்றுவதற்கு என்ன விலை என்பது சாதிக்குச் சாதி மாறும். கறுப்புக் கொடி நாள் நடந்து நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி நடந்தது. கூலி உயர்வு கேட்டது மட்டும் அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. சேரியில் பறந்த செங்கொடியை இறக்கிவிட்டு நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர வேண்டும் என்ற நெருக்குதலும் இருந்தது. மக்கள் கொடியை இறக்க மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவில், தப்பிக்க ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

ஒரே பத்தாண்டில், ஒரே மாநிலத்தில், சொந்த மனையில் கொடி ஏற்றியவர்கள் ஒரு பக்கம், கொடியை இறக்க மறுத்ததற்காக எரிக்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். முன்னவர்களிலும் சிறை சென்றவர்கள், உயிர் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமில்லை. இரண்டு வாசல்களையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதுதான் நாம் சொல்வது.

வசதி தெரிந்தால் அதுவும் குற்றம்

1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் நுழைந்தார்கள். வெளிநாட்டு வேலை வருமானத்தால் ஓரளவு தலையெடுத்த தலித் கிராமம் அது. டி.வி., தையல் மிஷின், மின்விசிறி என்று கண்ணில் பட்ட பொருட்கள் நொறுக்கப்பட்டன. சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் அழிக்கப்பட்டன. எந்தெந்தப் பொருளை அழித்தார்கள் என்ற பட்டியலை 1930-ன் தடைப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பித்தளைக் குடம், இன்றைக்குப் பாஸ்போர்ட்.

மண்பானையின் கதையும் அங்கே முடியவில்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். எதைத் தவிர வேறெதையும் புழங்கக் கூடாது என்றார்களோ, அதே மண்பானையை நம் மக்கள் பெருமையாகச் சுவரில் வரைந்தார்கள், கையில் ஏந்தி ஓட்டுக் கேட்டார்கள். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று அந்தத் தொகுதியைச் சேர்ந்த அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில், பானையை உடைத்ததை ஒட்டி மூண்ட மோதலில் தலித் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளைத் தாக்கினார்கள். அந்தத் தொகுதியில் திருமாவளவன் வென்றது 3,219 ஓட்டு வித்தியாசத்தில்.

இப்போது பூத் ஆளின் கணக்குக்குத் திரும்புவோம். அடுத்த தேர்தலில் ஒரு காலனியில் சில சுவர்கள் சுண்ணாம்பு மட்டும் பூசி வெறுமையாக இருக்கின்றன. 'சந்தேகம்' என்று குறிப்பாரா? ரகசிய வாக்கு என்ற உரிமையை நம்பி, சுவரில் எழுதாமல் பெட்டியில் மட்டும் பேசுகிறவர்களின் வீடாக அது இருக்கலாம். வெறும் சுவர் பயத்தையும் காட்டலாம், கணக்காக எடுத்த முடிவையும் காட்டலாம். வாசலில் நின்று பார்த்தால் எது என்று தெரியாது. உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

கோலம்

2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று தெருவில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துப் போய்ப் பிறகு விட்டது. மறுநாளே தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்களில் அதே வாசகம் கோலமாக வந்தது. தினமும் காலையில் போட்டு மாலைக்குள் அழிந்துபோகும் கோலத்தைக் கண்டு அரசு பயப்பட்டதை அன்று எல்லாரும் பார்த்தோம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார் பிரதமர். 2022 ஆகஸ்டில் வீடுதோறும் தேசியக்கொடி ஏற்றச் சொன்னது ஒன்றிய அரசு. விளக்கு ஏற்றியவர் எல்லாரும் ஒரு கட்சியும் இல்லை, ஏற்றாதவர் எல்லாரும் எதிர்க்கட்சியும் இல்லை. ஆனால் தெருவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால் பக்கத்து வீடு கவனிக்கும். வாசலைக் காட்டு என்று அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது, காட்டாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடுகிறது. அந்தப் பதிலைச் சொல்லத் துணிச்சல் மட்டும் போதாது. நாளைக்கும் அதே வீட்டில் இருப்போம் என்ற உறுதியும் வேண்டும்.

அரசு கட்டிக் கொடுத்த வாசல்

காலனி வீடு, தொகுப்பு வீடு, பசுமை வீடு, கலைஞர் வீடு, பிரதமர் வீடு. நம் மக்கள் வீடுகளை ஆட்சியின் பெயரால்தான் அடையாளம் சொல்கிறார்கள். பல வீடுகளின் முகப்பில் திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிய வீட்டில், குடியிருப்பவர் பெயரைவிடத் திட்டத்தின் பெயர் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து 'இவர்கள் அந்தக் கட்சி' என்று முடிவுகட்டுவது எவ்வளவு அபத்தம்! வரிப்பணத்தில் வந்த உரிமைக்கு யாரும் கட்சி விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

1997-ல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் முயற்சி வேறு மாதிரி இருந்தது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி முகப்பு, ஊர் முகப்பில் பெரியார் சிலை. வாசலைப் பார்த்துச் சாதியைச் சொல்ல முடியாத ஒரு தெருவை உண்டாக்கும் எண்ணம் அது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியதால் ஊரும் சேரியும் அப்படியே இருந்துவிட்டன என்ற விமர்சனம் நமக்கு உண்டு. ஆனாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வாசல் என்ற யோசனையின் மதிப்பைக் குறைத்துவிடக் கூடாது.

கொடிக்கம்பமும் பட்டாவும்

பொது இடங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை அகற்றும்படி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வேண்டுமென்றால் சொந்தப் பட்டா இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் நிலை. அதன்மீது மேல்முறையீடுகளும் போடப்பட்டன.

போக்குவரத்துக்கு இடைஞ்சல், மோதலுக்குக் காரணம் என்ற வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நாம் இதுவரை பார்த்த வரலாற்றோடு சேர்த்துப் படியுங்கள். பட்டா இடத்தில் கொடி வைக்கலாம் என்றால், யாரிடம் பட்டா இருக்கிறது? இரண்டு சென்ட் மனையில் சுவருக்குச் சுவர் ஒட்டிக் கட்டிய காலனியில் கம்பம் நட எங்கே இடம்? பொதுச் சாலையில்தான் எல்லாக் கொடியும் ஒரே உயரத்தில் நிற்க முடிந்தது. அங்கும் நீலச் சிவப்புக் கொடி ஏறினால் மட்டும் 'சட்டம் ஒழுங்கு' பிரச்சினை வந்த ஊர்கள் எத்தனை என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கொடி தனியார் நிலத்துக்குள் போனால், நிலம் உள்ளவரின் கொடிதான் பறக்கும்.

செங்கல்பட்டு பக்கம் கரணையில் மீட்ட பஞ்சமி நிலத்தில் மக்கள் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இந்த மண் எங்களுடையது என்று சொல்ல அந்த மக்கள் தேர்ந்தெடுத்த குறி அம்பேத்கர். மண்ணும் குறியும் அங்கே பிரிக்க முடியாதவை. நம்மில் சிலர் சிலை, கொடி, படம் எல்லாம் 'வெறும் அடையாள அரசியல்' என்று சலித்துக்கொள்வது உண்டு. அவர்கள் ஒருமுறை கரணைக்குப் போய்வர வேண்டும்.

இனி களத்துக்குப் போகும்போது

இளம் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். ஆய்வுக்கோ பிரச்சாரத்துக்கோ ஒரு காலனிக்குப் போனால், வாசலில் என்ன இருக்கிறது என்று குறிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மனைக்குப் பட்டா இருக்கிறதா, இருந்தால் யார் பெயரில்? பட்டா கையில் இருந்தாலும் இடத்தை அளந்து கல் நட்டுக் கொடுத்தார்களா, கிராமக் கணக்கில் ஏறியிருக்கிறதா? இந்தச் சுவரில் எழுதியது யார், வீட்டுக்காரரைக் கேட்டு எழுதினார்களா?

மூன்றாவது கேள்விக்குச் சட்ட பலமும் உண்டு. அனுமதி இல்லாமல் தனியார் சுவரில் எழுதவோ கொடி கட்டவோ கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளே சொல்கின்றன. அந்த விதி மாடி வீட்டுச் சுவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு காலனி வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். நம் சுவரை யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ள விடக் கூடாது. நமக்குப் பிடித்த கட்சியாக இருந்தாலும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால், ஆய்வுக் குறிப்பை மூடிவைத்துவிட்டு மனு எழுத உட்காருங்கள். பட்டாவுக்கு வட்டாட்சியரிடம் மனு, அளந்து கொடுக்க நில அளவைக்கு மனு, பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, ஜமாபந்தியில் மறுபடியும் மனு. சலிப்பான வேலைதான். ஆனால் 1891-லிருந்து இன்றுவரை இந்தச் சலிப்பான வேலையைச் செய்தவர்களால்தான் இன்றைக்கு நம்மில் பலர் சொந்த வாசலில் நிற்கிறோம். அந்த வாசலில் எந்தக் கொடியை ஏற்றுவது, ஏற்றுவதா வேண்டாமா என்பதை அங்கே குடியிருப்பவர் முடிவு செய்துகொள்வார். மனை அவர் பெயருக்கு வரும்வரை கூட நிற்பது நம் வேலை.

ஜெய்பீம்.